பாட்டைச் சொல்லுங்கள், ஹெட்ஃபோனைச் சொல்கிறேன்

நிகழ்ச்சி முடிந்து ஒலிவாங்கியை அணைத்த பிறகும் புலனத்தில் நேயர்களின் செய்திகள் வந்துகொண்டே இருக்கும். பாடல் விருப்பம், பிறந்தநாள் வாழ்த்து ஆகியவற்றுக்கு அடுத்தபடியாக, கடந்த சில ஆண்டுகளாக என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான்: "அக்கா, நல்ல ஹெட்ஃபோன் ஒன்னு சொல்லுங்க. பட்ஜெட் 500 வெள்ளி." வானொலி அறிவிப்பாளர் என்றால் நாள் முழுக்க காதில் ஹெட்ஃபோனோடு இருப்பவர், அவருக்குத் தெரியாமலா இருக்கும் என்ற நம்பிக்கை.

நான் பதிலுக்கு ஒன்று கேட்பேன். "நீங்க என்ன பாட்டு கேப்பீங்க?"

"எல்லாப் பாட்டும்தான் அக்கா" என்று பதில் வரும். எல்லாப் பாட்டையும் கேட்பவரை நான் இதுவரை சந்தித்ததில்லை. கொஞ்சம் பேச்சுக் கொடுத்தால் உண்மை வெளியே வரும். ஒவ்வொருவரிடமும் முப்பது, நாற்பது பாடல்கள் இருக்கும். கார் ஓட்டும்போதும் அவைதான், சமைக்கும்போதும் அவைதான், தூக்கம் வராத இரவிலும் அவைதான். அந்த முப்பது பாடல்களும் எந்த ஆண்டில், எந்த முறையில் பதிவு செய்யப்பட்டவை என்று தெரிந்தால்தான் எந்த ஹெட்ஃபோன் சரிப்படும் என்று சொல்ல முடியும். கடைக்காரர் விலையிலிருந்து தொடங்குவார். நாம் பாட்டிலிருந்து தொடங்க வேண்டும்.

இதை நான் படித்துத் தெரிந்துகொண்டதைவிட என் சித்தப்பா வீட்டில் பார்த்துத் தெரிந்துகொண்டது அதிகம்.

சித்தப்பாவுக்கு 68 வயது. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே வேலை செய்தவர். முதலில் பால்மரம் வெட்டினார், பிறகு 14 வருடம் ஆலையில் இயந்திரங்களுக்கு நடுவே நின்றார். தோட்டம் செம்பனைக்கு மாறி, பிறகு துண்டு துண்டாக விற்கப்பட்டு, இப்போது அங்கே வீடமைப்புத் திட்டம் நிற்கிறது. சித்தப்பா ஈப்போ புந்தோங்கில் மகள் வீட்டில் இருக்கிறார். கோலாலம்பூரில் வேலை செய்யும் அவர் மகன் இரண்டு வருடங்களுக்கு முன் தீபாவளிக்கு 1,300 ரிங்கிட்டில் ஒரு ஹெட்ஃபோன் வாங்கிக் கொடுத்தான். அப்பா ஆசைப்பட்டுக் கேட்கும் விஸ்வநாதன் - ராமமூர்த்தி பாடல்களைக் கைப்பேசியில் ஏற்றி, தலையில் மாட்டியும் விட்டான்.

சித்தப்பா இரண்டு பாட்டு கேட்டார். கழற்றி மேசைமேல் வைத்தார். "காதுல குத்துதுடா. என் ரேடியோவே போதும்."

தம்பிக்கு முகம் விழுந்துவிட்டது. "அந்தக் காலத்து ரெக்கார்டிங் அப்படித்தான்பா" என்று சொல்லிவிட்டு, தானே அதை எடுத்துக்கொண்டு போய்விட்டான். இந்த வாக்கியத்தைப் பல இளைஞர்களிடம் கேட்டிருக்கிறேன். பழைய பாடல்கள் நல்லவை, ஆனால் பதிவு மோசம் என்று ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள். இன்னும் பத்து வருடம் போனால் அந்தப் பாடல்களை இந்தக் காரணத்துக்காகவே ஒதுக்கிவிடுவார்களோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

குழாய் ஸ்பீக்கருக்குப் பிறந்த பாடல்கள்

1950, 60-களில் சென்னையில் ஒரு திரைப்பாடல் எப்படிப் பதிவானது என்று யோசித்துப் பாருங்கள். பாடகர், கோரஸ், வயலின்காரர்கள், தபேலாக்காரர் என்று எல்லாரும் ஒரே கூடத்தில், ஒரே நேரத்தில். சில ஒலிவாங்கிகள், ஒரே தடம். யாராவது ஒருவர் சறுக்கினால் மறுபடியும் முதலிலிருந்து. பதிவானது திரையரங்கின் ஒலித்தடத்துக்கும், நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் இசைத்தட்டுக்கும் போனது. அங்கிருந்து வானொலிக்கும், திருவிழாக் குழாய் ஸ்பீக்கருக்கும் வந்தது.

மனிதக் காது, இளமையில், 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். குழாய் ஸ்பீக்கர் அதில் நடுப்பகுதியை மட்டும்தான் நன்றாகக் கொடுக்கும். பேஸும் வராது, மேலே மினுமினுக்கும் டிரெபிளும் வராது. மத்திய அலை வானொலியும் அப்படித்தான். நம் பகுதி நாடுகளில் மத்திய அலை நிலையங்கள் 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் அமைந்தவை. அதனால் ஒலியின் உச்சம் ஏறக்குறைய 4,500 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். ரேடியோ மலாயா 1946-இல் தொடங்கியபோதே தமிழும் அதன் மொழிகளில் ஒன்று. லயத்து வீட்டுச் சுவரில் ஆணியில் தொங்கிய டிரான்சிஸ்டரில் எங்கள் தாத்தா பாட்டி கேட்டதெல்லாம் இந்த 4,500 ஹெர்ட்ஸுக்குள் அடங்கிய உலகம்தான்.

அன்றைய ஒலிப்பதிவாளர்களுக்கு இது தெரியும். ஆகவே பாடகரின் குரலை முன்னால், நடுவில், தெளிவாக நிறுத்தினார்கள். டி.எம்.எஸ். குரல் மாரியம்மன் கோயில் மரத்தில் கட்டிய குழாயிலிருந்து கிளம்பி, மூன்று மலைவரிசை தாண்டி, வெட்டுக்குப் போனவர் காதில் சொல் சிதையாமல் விழுந்தது என்றால் அது பாடகரின் திறமை மட்டுமல்ல. அந்த வகையில் அவை மோசமான பதிவுகள் அல்ல, மிகக் கெட்டிக்காரத்தனமான பதிவுகள்.

இப்போது அதே பாட்டை, நுணுக்கம் காட்டுவதற்கென்றே டிரெபிளைத் தூக்கி வடிவமைத்த ஹெட்ஃபோனில் கேட்டால் என்ன ஆகும்? 8,000 ஹெர்ட்ஸுக்கு மேலே அந்தப் பதிவில் பாட்டு ஏறக்குறைய எதுவும் இல்லை. அங்கே இருப்பது தட்டின் கீறல், நாடாவின் 'ஸ்ஸ்' இரைச்சல், பிற்பாடு யாரோ 'டிஜிட்டல் தெளிவு' என்ற பெயரில் ஏற்றிவிட்ட கூர்மை. 1,300 ரிங்கிட் ஹெட்ஃபோன் இவை அத்தனையையும் மிக நேர்மையாகக் காதுக்குள் கொண்டுவந்து சேர்க்கும். பாட்டுக்குப் பதிலாக இரைச்சலை நுணுக்கமாகக் கேட்கிறோம்.

சித்தப்பா விஷயத்தில் இன்னொன்றும் இருந்தது. வயது ஏற ஏற உச்ச ஒலிகள்தான் முதலில் காதிலிருந்து கழன்றுகொள்ளும். ஆலை இரைச்சல் அதை இன்னும் வேகப்படுத்தும். அப்படியானால் டிரெபிள் அதிகமானால் அவருக்கு நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் தேய்ந்த காதுக்கு ஒரு விசித்திரக் குணம் உண்டு. மெல்லிய ஒலி கேட்காது. கொஞ்சம் கூட்டினால் சட்டென்று தாங்க முடியாத அளவுக்குப் பெரிதாகிவிடும். "சத்தமாப் பேசு" என்பார்கள், நாம் சத்தமாகப் பேசியதும் "ஏன் கத்துறே?" என்பார்கள். வீட்டில் பெரியவர்கள் இருப்பவர்களுக்கு இது புரியும். சித்தப்பா சொற்கள் பிடிபட வேண்டுமென்று ஒலியைக் கூட்டினார். கூட்டியதும் 'ச'வும் 'ஷ'வும் ஊசியாக இறங்கின.

அவருக்கு நான் செய்தது பெரிய வித்தை ஒன்றுமில்லை. டிரெபிள் தணிந்த, பின்புறம் திறந்த ஹெட்ஃபோன் ஒன்றைச் சில நூறு ரிங்கிட்டில் வாங்கினேன். திறந்த வகை என்றால் காதுமூடியின் வெளிப்புறம் வலைபோல் இருக்கும், காற்றும் ஒலியும் உள்ளே வெளியே போய்வரும். 1968-இல் ஜெர்மனியின் சென்ஹைசர் நிறுவனம் எச்.டி. 414 என்ற பெயரில் முதன்முதலில் சந்தைக்குக் கொண்டுவந்த வடிவம் இது. பாட்டு மண்டைக்குள் அடைத்துக்கொண்டு ஒலிக்காமல், பக்கத்து அறையில் ரேடியோ ஓடுவதுபோல் இருக்கும். மகள் கூப்பிடுவதும் கேட்கும். பிறகு கைப்பேசியின் அமைப்பில், அணுகல் வசதிகள் பகுதியில் இருக்கும் 'மோனோ ஆடியோ'வை இயக்கினேன். ஈக்வலைசரில் டிரெபிளைக் கொஞ்சம் இறக்கினேன். அதே பாடல்களுக்கு வேறு, சுத்தமான பதிவுகளைத் தேடிப் போட்டேன்.

முழுதாக ஒரு மணி நேரம் கேட்டார். பிறகு சொன்னது: "இந்தாம்மா, அவர் மூச்சு வாங்குறதுகூட கேக்குது." அறுபது வருடமாகக் கேட்ட பாட்டு அது.

எந்தப் பிரதி?

சுத்தமான பதிவு என்று சொன்னேன் அல்லவா, அதில்தான் பாதி வேலை இருக்கிறது. இணையத்தில் ஒரே பழைய பாட்டு ஐந்தாறு வடிவங்களில் கிடைக்கும். ஒன்று பழைய தட்டிலிருந்து எடுத்தது, ஒன்று படச்சுருளிலிருந்து, ஒன்று கேசட்டிலிருந்து. இன்னொன்று 'ஸ்டீரியோ' என்று பெயர் சூட்டிக்கொண்டு, யாரோ தாளம் சேர்த்து, எதிரொலி கலந்து கெடுத்தது. கடைசி வகையை மட்டும் நான் மன்னிப்பதில்லை.

கண்டுபிடிப்பது எளிது. ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடுங்கள். ஒரே தடத்தில் பதிவான பாட்டில் குரல் நெற்றிக்கு நடுவில், ஒரு புள்ளியில் நிற்க வேண்டும். அது பரவி, இரண்டு காதிலும் நனைந்த துணிபோல் தொங்கினால் அது செயற்கை ஸ்டீரியோ. பாடல் வெளியான ஆண்டையும் பாருங்கள். 1978-இல் வந்த 'பிரியா'தான் தமிழில் ஸ்டீரியோ முறையில் பாடல்கள் பதிவான முதல் படம் என்று பரவலாகச் சொல்வார்கள். ரஜினியும் ஸ்ரீதேவியும் சிங்கப்பூரிலும் நம் நாட்டிலும் சுற்றிய அதே 'பிரியா'தான். அதற்கு முந்தைய திரைப்பாடல் ஒன்று ஸ்டீரியோவில் கிடைக்கிறது என்றால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். பழையதைத் தொடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. 1964-இன் 'கர்ணன்' 2012-இல் படமும் ஒலியும் புதுப்பிக்கப்பட்டுத் திரைக்கு வந்தபோது இளைஞர்களும் அரங்குக்குப் போனார்கள். பொறுமையும் பணமும் செலவழித்துச் செய்த வேலைக்கும் வீட்டுக் கணினியில் ஐந்து நிமிடத்தில் செய்த வேலைக்கும் உள்ள வித்தியாசம் ஹெட்ஃபோனில் உடனே தெரியும்.

ராஜாவின் பேஸ் கிட்டார்

ஹெட்ஃபோனில் பணம் போடுவதற்கு ஒரே ஒரு காரணம் கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். இளையராஜாவின் 70, 80-கள்.

'அன்னக்கிளி' 1976. அதற்குப் பின் வந்த பதினைந்து ஆண்டுப் பாடல்களை எங்கள் தலைமுறை கேசட்டில் கேட்டு வளர்ந்தது. பெரும்பாலும் நகலின் நகல், ஒற்றை ஸ்பீக்கர் கேசட் ரேடியோ. அதில் குரலும் புல்லாங்குழலும் வயலினும் கேட்டன. அடியில் ஓடிய பேஸ் கிட்டார் கேட்கவே இல்லை. மற்றவர்கள் பாட்டில் பேஸ் தாளத்தோடு சேர்ந்து நடக்கும். ராஜா அதற்குத் தனி மெட்டு எழுதினார். குரல் ஒரு பக்கம் போக, பேஸ் வேறு பக்கம் போய், சரணத்தின் முடிவில் இரண்டும் சந்திக்கும். கேசட்டில் நூறு முறை கேட்ட பாட்டை நல்ல ஹெட்ஃபோனில் நூற்று ஒன்றாவது முறை கேட்பவர் சிரித்துவிடுவார். நான் பார்த்திருக்கிறேன்.

ஆனால் இதற்கு 'எக்ஸ்ட்ரா பேஸ்' என்று பெட்டியில் அச்சிட்ட ஹெட்ஃபோன் உதவாது. அது பேஸைக் கூட்டுமே தவிரப் பிரித்துக் காட்டாது. கிட்டாரின் ஒவ்வொரு சுரமும் தனித்தனியாகக் கேட்க வேண்டிய இடத்தில் ஒரே 'தும்' கேட்கும். பேஸ் அளவாகவும் இறுக்கமாகவும் உள்ள ஹெட்ஃபோன் வேண்டும். மூடிய வகையானாலும் சரி, திறந்த வகையானாலும் சரி.

அந்தக் காலத்து ஸ்டீரியோவில் ஒரு சங்கடம் உண்டு. புது வசதி வந்த உற்சாகத்தில் கிட்டாரை முழுக்க இடது பக்கமும், தாள வாத்தியத்தை முழுக்க வலது பக்கமும் வைத்துவிட்டார்கள். ஸ்பீக்கரில் கேட்டால் இரண்டும் அறையில் கலந்துவிடும். ஹெட்ஃபோனில் இடது காது ஒரு கச்சேரியும் வலது காது வேறு கச்சேரியும் கேட்கும். அரை மணியில் தலை கனக்கும். 'கிராஸ்ஃபீட்' என்ற வசதி சில இசைச் செயலிகளில் இருக்கிறது. இடதின் ஒலியில் கொஞ்சத்தை வலதுக்கும், வலதிலிருந்து கொஞ்சத்தை இடதுக்கும் அனுப்பும். அதைப் போட்டால் வாத்தியங்கள் எதிரே வந்து உட்கார்ந்துவிடும்.

கடையில் சோதித்துப் பார்க்க என்ன எடுத்துப் போகலாம் என்று கேட்பவர்களுக்கு நான் 1986-இல் வந்த அவருடைய 'ஹவ் டு நேம் இட்?' தொகுப்பைச் சொல்வேன். தியாகராஜருக்கும் பாக்குக்கும் காணிக்கையாக்கியது. முன்னணி வயலின் வி.எஸ். நரசிம்மன். குரல் இல்லை, வயலின் கூட்டமும் பேஸும் மட்டும் மோதிக்கொள்ளும். டிரெபிள் அதிகமான ஹெட்ஃபோனில் அந்த வயலின்கள் தகரத்தைச் சுரண்டுவதுபோல் ஆகிவிடும், மந்தமான ஹெட்ஃபோனில் ஒரே கூழாகும். இரண்டுமில்லாமல் வில் நரம்பில் உரசுவது கேட்டால் அதுதான் உங்களுக்கானது.

'ரோஜா' 1992-இல் வந்தபோது கதை மாறியது. ஏ.ஆர். ரஹ்மானும், 2008-இல் மறைந்த ஒலிப்பதிவாளர் எச். ஸ்ரீதரும் அடுக்கடுக்காக ஒலிகளை வைத்தார்கள். அடி முதல் உச்சிவரை எல்லா இடமும் நிரம்பியிருக்கும். இந்தப் பாடல்கள் கெஞ்சாமலே எந்த நல்ல ஹெட்ஃபோனிலும் ஒலிக்கும். தம்பி திரும்ப எடுத்துப்போன 1,300 ரிங்கிட் ஹெட்ஃபோன் இவற்றுக்குப் பிரமாதம். அவனுக்கு நான் அதைத்தான் சொன்னேன்: "உன் ஹெட்ஃபோன் நல்லதுதான்டா, உன் பாட்டுக்கு."

அதற்குப் பிறகு வந்தவற்றில் ஒரு நோய் பரவியது. மற்றவர் பாட்டைவிட என் பாட்டு சத்தமாகக் கேட்க வேண்டும் என்ற போட்டியில் மெல்லிய இடத்தையும் உரத்த இடத்தையும் ஒரே உயரத்துக்கு அமுக்கிவிட்டார்கள். எங்கள் வானொலிக்காரர்களும் இதில் யோக்கியர்கள் அல்ல, ஒலிபரப்புக்கு முன் நாங்களும் அமுக்குவோம். காரில் போகிறவருக்குக் கேட்க வேண்டுமே. ஸ்பாட்டிஃபை போன்ற தளங்கள் இப்போது எல்லாப் பாட்டையும் ஏறக்குறைய ஒரே சராசரி ஒலிக்குக் கொண்டுவந்துவிடுகின்றன, அதனால் போட்டிக்கே அர்த்தம் போய்விட்டது. இந்தக் குத்துப் பாடல்களுக்கு விலையுயர்ந்த ஹெட்ஃபோன் வீண். பேஸ் தூக்கிய 150 ரிங்கிட் ஹெட்ஃபோனில்தான் அவை கொண்டாட்டமாக இருக்கும். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

நாதஸ்வரம் தனி ரகம். திறந்தவெளிக்காகப் பிறந்த வாத்தியம், 3,000 ஹெர்ட்ஸுக்கு மேலே நெருப்பாக இருக்கும். டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடியைப் பழைய தட்டில் கேட்பவர்கள் ஒலியைக் குறைத்து, திறந்த ஹெட்ஃபோனில் கேளுங்கள். உறுமி மேளத்தைப் பற்றி நம் பிள்ளைகள் கேட்பார்கள். கைப்பேசியில் எடுத்த காணொளியில் தானியங்கி அமைப்பு ஒவ்வொரு அடிக்கும் ஒலியைக் கீழே தள்ளிவிடும். எந்த ஹெட்ஃபோனாலும் அதைத் திருப்பிக் கொண்டுவர முடியாது.

அலமாரியில் இருக்கும் கேசட்டுகள்

இதைச் சொல்லாமல் மேலே போக முடியவில்லை. சித்தப்பா வீட்டுப் பிஸ்கட் டின்னில் 11 கேசட்டுகள் இருந்தன. ஏழு சினிமாப் பாட்டு, விடுங்கள், அவை எங்கும் கிடைக்கும். மீதி நான்கில் தோட்டத்துக் கோயில் திருவிழா, ஒரு கல்யாணம், பள்ளி ஆசிரியர் எழுதிப் பிள்ளைகள் நடித்த நாடகம், பாட்டி பாடிய தாலாட்டு. அந்தத் தோட்டம் இன்றில்லை. பெரட்டுக்களமும் ஆயக்கொட்டகையும் இல்லை. இந்த ஒலிகளுக்கு உலகத்தில் வேறு பிரதியும் இல்லை.

பிலிப்ஸ் நிறுவனம் கேசட்டை 1963-இல் அறிமுகப்படுத்தியது. நம் ஊர் ஈரக் காற்றில் நாடாமேல் பூஞ்சை பிடிக்கும். வெள்ளையாகத் தூள்போல் தெரிந்தால் அதைப் போட்டு ஓட்டிவிடாதீர்கள், விவரம் தெரிந்தவரிடம் கொடுங்கள். நன்றாக இருப்பவற்றை, பிளேயரின் ஹெட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்துவிட்டு, ஹெட்ஃபோன் துளையிலிருந்து நேராகக் கணினிக்கு வயர் கொடுத்துப் பதிவு செய்யுங்கள். ஸ்பீக்கரில் ஓடவிட்டுக் கைப்பேசியில் பதிவு செய்யாதீர்கள், மின்விசிறிச் சத்தம்தான் மிஞ்சும்.

இந்த வேலைக்கு எங்களைப் போன்றவர்கள் கலையகத்தில் பயன்படுத்தும் மூடிய ஹெட்ஃபோன் வேண்டும். உலகமெங்கும் வானொலி நிலையங்களில் தென்படும் சோனி எம்.டி.ஆர்.-7506 போன்றவை, அந்த மாடல் 1991-இல் வந்தது, இன்றும் விற்கிறது. எங்களுக்கு மூடிய வகை தேவைப்படுவதற்குக் காரணம், ஹெட்ஃபோன் ஒலி கசிந்து ஒலிவாங்கிக்குள் போய்விடக்கூடாது என்பது. இவை மகிழ்ச்சிக்காகச் செய்தவை அல்ல, குற்றம் கண்டுபிடிக்கச் செய்தவை. மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் 'ம்ம்' ஒலி, நாடா வளைந்த இடம், எல்லாம் காட்டிக்கொடுக்கும். சுத்தம் செய்து முடித்த பிறகு கழற்றிவிட்டு, சித்தப்பாவின் திறந்த ஹெட்ஃபோனில் கேளுங்கள். நாடகத்தில் இராமனாக நடித்த பையன் யார் என்று அவர் கண்டுபிடித்துவிட்டார். இப்போது தைப்பிங்கில் லாரி ஓட்டுகிறாராம்.

வயரா, புளூடூத்தா என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குறுந்தட்டில் நொடிக்கு 1,411 கிலோபிட் தகவல் இருக்கிறது. புளூடூத்தின் எல்.டி.ஏ.சி. முறை நல்ல சூழ்நிலையில் 990 வரை அனுப்பும், சாதாரண முறைகள் அதைவிடக் குறைவு. 1965-ஆம் ஆண்டுப் பாட்டுக்கு இந்த வித்தியாசம் காதில் விழாது. பழைய பாட்டுப் பிரியர்கள் கவலைப்படாமல் புளூடூத் வாங்கலாம். 300 ஓம் என்று போட்டிருக்கும் ஹெட்ஃபோனை மட்டும் கைப்பேசியில் நேராகச் செருகினால் ஒலி சோர்ந்து வரும், அதற்குத் தனி ஆம்ப்ளிஃபயர் வேண்டும்.

ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் இடையே இ.டி.எஸ். இரயிலில் வாரம் தவறாமல் போய்வரும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. இரயிலின் தாழ்ந்த உறுமல் பாட்டின் பேஸை விழுங்கிவிடும், அதை மீட்கக் கை தானாக ஒலியைக் கூட்டும். இங்கேதான் இரைச்சல் நீக்கும் ஹெட்ஃபோன் உண்மையிலேயே பயன்படுகிறது. வங்காளத் தந்தைக்கு அமெரிக்காவில் பிறந்த அமர் போஸ், 1978-இல் விமானத்தில் பாட்டு கேட்க முடியாமல் தவித்தபோது இந்த யோசனையை எழுதிப் பார்த்தார் என்பார்கள். நம் 'பிரியா' வந்த அதே ஆண்டு. சீரான தாழ்ந்த இரைச்சலை அது நன்றாக அடக்கும். பக்கத்து இருக்கைக்காரர் ஊர்க்கதை பேசுவதை அவ்வளவாக அடக்காது.

பெரியவர்களுக்கு வாரத்துக்கு 80 டெசிபலில் 40 மணி நேரம்தான் பாதுகாப்பு என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். குழந்தைகளுக்கு அதே 40 மணி நேரத்துக்கு 75 டெசிபல். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 83 என்றால் 20 மணி, 86 என்றால் 10, 89 என்றால் 5, 92 என்றால் இரண்டரை மணி. இரயிலில் ஒருவழிப் பயணம் ஏறக்குறைய அவ்வளவுதான். ஒரு வெள்ளிக்கிழமை மாலையில் 92-இல் கேட்டுக்கொண்டே ஊருக்கு வந்தால் அந்த வாரத்தின் மொத்தக் கணக்கும் ஊர் வந்து சேரும்போது ஏறக்குறைய தீர்ந்துவிடும். பல கைப்பேசிகளில் இப்போது ஹெட்ஃபோன் ஒலியளவு டெசிபலில் தெரிகிறது. சித்தப்பாவின் ஆலையில் இப்படி எண் காட்டும் கருவி எதுவும் இருக்கவில்லை.

கடைக்குப் போகும்போது மூன்று பாட்டு எடுத்துப் போங்கள். உங்கள் முப்பதில் மிகப் பழையது ஒன்று, மிகப் பிடித்தது ஒன்று, மிகப் புதியது ஒன்று. கடைக்காரர் தன்னுடைய மாதிரிப் பாட்டைப் போட வருவார். அது எந்த ஹெட்ஃபோனிலும் நன்றாக ஒலிக்கும், அதற்காகவே பொறுக்கி வைத்திருப்பார். பணிவாக மறுத்துவிடுங்கள். ஒவ்வொரு ஹெட்ஃபோனிலும் ஒரே ஒலியளவில் கேளுங்கள், ஏனென்றால் கொஞ்சம் சத்தமாக ஒலிப்பது எப்போதும் நல்லதாகத் தோன்றும். கண்ணாடி அணிபவர்கள் கண்ணாடியோடு மாட்டிப் பாருங்கள், காதுமூடிக்கு இடையே இடைவெளி விழுந்தால் பேஸ் ஒழுகிவிடும். பத்து நிமிடம் தலையில் இருக்கட்டும். மூன்றாவது பாட்டு முடிவதற்குள் காது மடலைத் தடவத் தோன்றினால் அது உங்களுக்கு வேண்டாம். கழற்ற மறந்து நான்காவது பாட்டைத் தேடினால் விலையைக் கேளுங்கள்.